மசக்கைக்கு மருந்து உண்டு

முந்திரிப் பருவத்தில் ஜெயங்கொண்டத்திலிருந்து ஆண்டிமடம் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியே பழ வாடை ஏறும். மற்றவர்களுக்கு அது மணம். மசக்கைக்காரிக்கோ ஓங்கரிப்பு. தாளிக்கிற வாசம், கஞ்சி வடிக்கும் ஆவி, புருஷன் தலையில் தடவிய எண்ணெய், எதுவும் ஆகாது. வீட்டில் சொன்னால், “வாயாலெடுத்தா பிள்ளைக்கு முடி நல்லா வளரும்” என்பார்கள். நல்ல சேதியோடு வருவதால் அவதி கணக்கில் வருவதேயில்லை.

பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இது வரும். ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி ஒன்பதாவது வாரத்தில் உச்சம் தொடும். பெரும்பாலோருக்கு இருபது வாரத்துக்குள் அடங்கிவிடும். மனசுதான் காரணம் என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் பழி போட்டார்கள். 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு வேறு கதை சொன்னது. கரு சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன், அதற்குப் பழகாத உடம்பை அதிகம் படுத்துகிறது. இலங்கை ஆய்வாளர்களுக்கும் அந்த ஆய்வில் பங்குண்டு. இந்த ஹார்மோன் முன்பே மிகுந்திருக்கும் பீட்டா தாலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ள பெண்களுக்கு மசக்கை குறைவு. ஆய்வை முன்னெடுத்தவர்களில் ஒருவரான மர்லினா ஃபெஜ்ஸோ, 1999இல் கடும் வாந்தியால் தன் கருவையே இழந்தவர்.

முதலில் வீட்டு வழி: படுக்கையை விட்டு எழுமுன் ஒரு கை பொரி. பிறகு இரண்டு மணிக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாக எதுவாவது. சூடாறிய சாப்பாட்டில் வாசம் குறைவு. நீராகாரம், மோர், இஞ்சி என்று எது தங்குகிறதோ அது. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையிடையே குடிக்கலாம். மசக்கை அடங்கும்வரை அடுப்படியை மாமியாரோ புருஷனோ பார்த்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வைத்தியம் என்பேன்.

அப்படியும் நிற்காவிட்டால் மாத்திரை உண்டு: டாக்ஸிலமைனும் பி6 வைட்டமினும் சேர்ந்தது. மசக்கைக்கென்று தரப்பட்டுக் குழந்தைகளை ஊனமாக்கிய தாலிடோமைடு மருந்து 1961இல் விட்டுப்போன பயத்தில் பலர் தொடமாட்டார்கள். இந்தக் கலவையும் அமெரிக்காவில் வழக்குகளுக்குப் பயந்து 1983இல் நிறுத்தப்பட்டதுதான். ஆனால் குழந்தைக்குக் கெடுதல் என்று நிரூபணமாகவில்லை. 2013இல் அங்கே மறுபடி அனுமதி கிடைத்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்காமல் டாக்டர் எழுதித் தந்து வாங்குங்கள்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே வயிற்றில் தங்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளானாலோ, தலை சுற்றினாலோ, எடை இறங்கினாலோ ஊர் நர்சம்மாவுக்குச் சொல்லிவிட்டு ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். நடக்க முடியாவிட்டால் 108. பக்கத்தில் எங்காவது ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்புவது போதாது. பல நாள் வாந்தியில் பி1 வைட்டமின் தீர்ந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நரம்பே பாதிக்கப்படலாம். உப்புநீர் டிரிப்பும் பி1 ஊசியும்தான் முதலில்.