அப்பத்தா குரலும் ஏ.ஐ குரலும்... 2024-ல் எங்க ஊர் மைக் செட்டில் ஓடிய என் ஃபேவரைட் பாட்டுகள்!

டிசம்பர் வந்தாலே, 'இந்த வருஷம் நீங்க அதிகமா கேட்ட பாட்டு இதுதான்'னு மியூசிக் ஆப்களே லிஸ்ட் போட்டு நீட்டிடும். ஆனா, எங்க வீட்ல அந்த லிஸ்ட்டை யாரும் நம்ப மாட்டோம். காரணம், அப்பாகிட்ட வேற ஒரு லிஸ்ட் இருக்கு.

திருச்சுழி பக்கம் ஒரு கிராமத்துல அப்பா மைக் செட் வெச்சிருக்கார். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், மாரியம்மன் பொங்கல்னு எது நடந்தாலும் எங்க வீட்டு பாக்ஸ்தான் பாடும். கேசட் காலத்துல ஆரம்பிச்சு, சி.டி-க்கு மாறி, இப்போ பென் டிரைவ்ல நிக்குது தொழில். 'அண்ணே, அந்தப் பாட்டை இன்னொரு வாட்டி போடுங்க'ன்னு எத்தனை பேர் வந்து கேட்டாங்களோ, அதுதான் அப்பாவுக்கு ஹிட் பாட்டு. ஒருத்தரும் கேட்கலைன்னா, யூடியூப்ல எத்தனை கோடி வியூஸ் இருந்தாலும் அடுத்த மாசம் பென் டிரைவ்ல இருந்து காலி!

இந்த வருஷம் அப்பா லிஸ்ட்டும் என் லிஸ்ட்டும் பல இடங்கள்ல ஒத்துப்போச்சு. அதைவிட முக்கியமா, ஒரு பாட்டைக் கேட்டுட்டு அப்பா ஒரு கேள்வி கேட்டார். அதுக்கு அன்னிக்கு என்கிட்ட பதில் இல்லை. அது கடைசியில. முதல்ல பாட்டுகளைப் பார்த்துடலாம்.

1. கட்சி சேர: 'இது எந்தப் படம்யா?'

ஜனவரியில வந்த பாட்டு. சாய் அபயங்கர் இசையமைச்சுப் பாடினது. பின்னணிப் பாடகர்கள் திப்பு - ஹரிணியோட மகன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நின்னா, பக்கத்துல நிக்கிற நாலு பேர் போன்ல ரெண்டு போன்லயாவது ரீல்ஸா இது ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அப்பாவுக்குப் பாட்டு பிடிச்சுப்போச்சு. ஆனா, பென் டிரைவ்ல எந்த ஃபோல்டர்ல போடுறதுன்னுதான் குழப்பம். அவர் ஃபோல்டர்கள் எல்லாம் ஹீரோ பேர்லதான் இருக்கும். 'இது எந்தப் படம்யா?'ன்னு கேட்டார். 'படமே இல்லப்பா, தனிப் பாட்டு'ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு 'இதர' ஃபோல்டர்ல போட்டார். ஜூன்ல அதே சாய் அபயங்கரோட 'ஆச கூட' வந்தப்போ, 'இதர' ஃபோல்டர் இன்னும் கொஞ்சம் பெருசாச்சு.

சினிமா இல்லாத ஒரு தமிழ்ப்பாட்டு, தியேட்டரும் டி.வி-யும் சிபாரிசு பண்ணாமலேயே கரிசக்காட்டு மைக் செட் வரைக்கும் வந்து சேருதுன்னா, அது சின்ன விஷயம் இல்லை.

2. மினிக்கி மினிக்கி: ரவிக்கை போட்ட சந்தோஷம்

'தங்கலான்' படத்துக்காக ஜி.வி.பிரகாஷ் இசையில, உமாதேவி எழுதி, சிந்தூரி விஷால் பாடின பாட்டு. வெறும் பாட்டா கேட்டா ஜாலியான டான்ஸ் நம்பர். படத்துல பார்த்தா விஷயமே வேற. அதுவரைக்கும் ரவிக்கை போடாத பெண்களுக்கு முதல்முறையா ரவிக்கை கிடைக்குது. அந்தச் சந்தோஷத்தோட சேர்ந்து வர்ற பாட்டு இது.

எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் ரவிக்கை போடாதவங்க. இந்தப் பக்கத்துக் கிராமங்கள்ல அந்தத் தலைமுறையில அப்படிப் பல பேர் இருந்தாங்க. அதனாலேயே இந்தப் பாட்டுல ஆட்டத்தைத் தாண்டி ஒண்ணு என்னைப் பிடிச்சு நிறுத்துச்சு.

ஜி.வி.பிரகாஷ் இசையமைப்பாளரா அறிமுகமானது 2006-ல வந்த 'வெயில்' படத்துல. விருதுநகர்க்காரரான வசந்தபாலன், எங்க மாவட்டத்து வெயிலையே தலைப்பா வெச்ச படம். அதனால அவரை 'எங்க ஊர்ல ஆரம்பிச்ச ஆளு'ன்னு உரிமை கொண்டாடுறதுல எங்களுக்கு ஒரு கெத்து! இதே வருஷம் 'அமரன்'ல அவர் போட்ட 'ஹே மின்னலே'வும் கல்யாண வீடுகள்ல தவறாம ஓடுச்சு.

3. பாதவத்தி: மைக் செட்ல போட முடியாத பாட்டு

மாரி செல்வராஜின் 'வாழை', ஆகஸ்ட் 23-ல ரிலீஸ். சந்தோஷ் நாராயணன் இசை. வாழைத்தார் சுமக்கப்போன கூலி ஜனங்க லாரி விபத்துல செத்துப்போன சம்பவத்தைச் சொல்ற படம். 'தென்கிழக்கு' பாட்டு அந்தப் பிள்ளைகளோட சந்தோஷம்னா, 'பாதவத்தி' அதுக்கப்புறம் வர்ற ஒப்பாரி. 'பாதகத்தி'ங்கிறதைத்தான் தெற்கத்திப் பேச்சுல அப்படிச் சொல்வாங்க.

இந்தப் பாட்டை அப்பா பென் டிரைவ்ல ஏத்தவே இல்லை. 'நல்ல காரியம் நடக்குற வீட்ல கை தவறிப் போட்டுட்டா என்னய்யா ஆகும்?'னு சொல்லிட்டார். ஒப்பாரிக்கு எங்க பக்கம் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவு விழாத வீட்ல, சும்மா பாடிக் காட்டச் சொன்னாக்கூட பெரியவங்க பாட மாட்டாங்க. ராத்திரி மொட்டை மாடியில, ஹெட்செட்ல, நான் மட்டும் தனியா கேட்ட பாட்டு இது.

4. யாரோ இவன் யாரோ: ஊரை விட்டுப் போனவங்களுக்கு

'மெய்யழகன்' படத்துல கோவிந்த் வசந்தா இசையில கமல்ஹாசன் பாடினது. எழுதினது உமாதேவி. கதை நடக்கிறது தஞ்சாவூர் பக்கம். ஆனா, எங்க ஊர்க்காரங்களுக்கும் அது நல்லாவே புரியும். இது மானாவாரி பூமி. மழை ஏமாத்துனா பருத்தியும் இல்ல, மல்லியும் இல்ல. படிச்சு முடிச்சவங்க திருப்பூர், கோவை, சென்னைன்னு கிளம்பிடுவாங்க.

நானும் அப்படிப் போனவன்தான். தீபாவளிக்கு அருப்புக்கோட்டையில இறங்கி, திருச்சுழி பஸ்ல ஜன்னல் சீட் பிடிச்சு, ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலத்தைப் பார்த்துக்கிட்டே இந்தப் பாட்டைக் கேட்டேன். கமல் குரல்ல இருக்கிற அந்த லேசான நடுக்கம், வயசானவர் ஒருத்தர் நம்ம தோள்ல கையைப் போட்டுப் பேசுற மாதிரி இருந்துச்சு.

5, 6, 7. இறந்தவங்க பாடின மூணு பாட்டு

2024-ஐ வருங்காலத்துல இதுக்காகத்தான் ஞாபகம் வெச்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

ஜனவரியில 'லால் சலாம்' படத்தோட 'திமிறி எழுடா' வந்துச்சு. ஏ.ஆர்.ரஹ்மான் இசை. பாடினவங்க பட்டியல்ல 2022-ல் இறந்த பம்பா பாக்யாவும், 1990-கள்லயே விபத்துல இறந்த சாகுல் ஹமீதும் இருந்தாங்க. ரெண்டு பேரோட குடும்பத்துக்கிட்டயும் அனுமதி வாங்கி, அதுக்கான ஊதியமும் கொடுத்ததா ரஹ்மானே அறிவிச்சார்.

ஜூன் 22-ம் தேதி, 'கோட்' படத்தோட 'சின்ன சின்ன கண்கள்'. யுவன் ஷங்கர் ராஜா இசையில விஜய்யோட சேர்ந்து ஒலிச்சது, அந்த வருஷம் ஜனவரி 25-ல் இறந்துபோன பவதாரிணியோட குரல். உடம்பு சரியானதும் அக்காவைப் பாட வைக்கணும்னு நினைச்சிருந்த பாட்டு அதுன்னு யுவன் சொன்னப்போ, பாட்டைக் கேட்கிற விதமே மாறிப்போச்சு.

செப்டம்பர்ல 'வேட்டையன்' படத்தோட 'மனசிலாயோ'. அனிருத் இசை. 2011-ல் இறந்த மலேசியா வாசுதேவன், 13 வருஷம் கழிச்சு மறுபடியும் ரஜினிக்குப் பாடுறார். பாடகர்கள் பட்டியல்ல அவர் மகன் யுகேந்திரனும் இருக்கார். ஆயுத பூஜைக்கு அருப்புக்கோட்டை விசைத்தறி செட்டுகள்ல தறிச் சத்தம் நின்னு, இந்தப் பாட்டுச் சத்தம்தான் கேட்டுச்சு. அப்பா லிஸ்ட்ல இந்த வருஷ நம்பர் ஒன் இதுதான்!

இது எப்படி நடக்குது?

ரொம்ப சிம்பிளா சொல்றேன். முதல்ல பாட்டை உயிரோட இருக்கிற ஒரு பாடகர் முழுசா பாடணும். இன்னொரு பக்கம், இறந்தவரோட பழைய பதிவுகளை எல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அவர் குரலோட தன்மையைக் கத்துக்க வைக்கிறாங்க. அப்புறம், பாடினவர் குரலுக்கு மேல அந்தத் தன்மையைப் போர்த்துறாங்க.

அப்படின்னா, கேட்கிற குரலோட நிறம் இறந்தவருடையது. எங்க மூச்சு விடணும், எந்த எழுத்தை அழுத்தணும், எங்க இழுக்கணும், எங்க சிரிக்கணும்ங்கிறது எல்லாம் பாடிக் கொடுத்தவருடையது. 'பொதுவாக எம்மனசு தங்கம்' பாட்டுல மலேசியா வாசுதேவன் காட்டுற குறும்பு இருக்கு பாருங்க... அதை அன்னிக்கு அவர் முடிவு பண்ணிப் பாடினார். 'மனசிலாயோ'வுல முடிவு பண்ணினது வேற ஆளு.

போனஸ்: புதுசு இல்லாத பாட்டு

இதே செப்டம்பர்ல இன்னொரு விஷயமும் நடந்துச்சு. 20-ம் தேதி 'லப்பர் பந்து' ரிலீஸ். அதுல அட்டகத்தி தினேஷ் பேட்டைத் தூக்கிட்டு வர்றப்போ ஒலிச்ச 'நீ பொட்டு வச்ச' பாட்டு, 1989-ல் வந்த 'பொன்மனச் செல்வன்' படத்துப் பாட்டு. இளையராஜா இசை, விஜயகாந்த் ஹீரோ. குரல்? அதே மலேசியா வாசுதேவன்!

ஒரே மாசத்துல ஒரே மனுஷன் ரெண்டு விதமா திரும்பி வந்தார். ஒண்ணு கம்ப்யூட்டர் வழியா. இன்னொண்ணு, 35 வருஷத்துக்கு முன்னாடி அவரே பாடி வெச்ச பதிவு வழியா.

விஜயகாந்தோட பூர்வீகம் அருப்புக்கோட்டை பக்கத்துல இருக்கிற ராமானுஜபுரம். அவர் இறந்தது 2023 டிசம்பர் 28. அதனால இந்தப் பாட்டு எங்க பக்கம் ஓடினப்போ ஆட்டத்தோட கொஞ்சம் கண்ணீரும் கலந்திருந்துச்சு. அப்பாகிட்ட இந்தப் படத்தோட பழைய கேசட் இன்னும் இருக்கு. தேடி எடுத்துத் துடைச்சு, பெட்டியில வெச்சிருக்கார்.

அப்பா கேட்ட கேள்வி

ஆயுத பூஜை முடிஞ்சு ஒயரைச் சுத்திக்கிட்டு இருந்தப்போதான் அப்பா மெதுவா கேட்டார். 'ஏய்யா... இந்த வாசுதேவன் குரலைக் கொண்டாந்த மாதிரி, நம்ம அப்பத்தா குரலைக் கொண்டாற முடியுமா?'

அப்பத்தா போன வருஷம் இறந்துட்டாங்க. எங்க ஊர் முளைப்பாரிக்குக் கும்மிப்பாட்டு எடுத்துக் கொடுக்கிறது அவங்கதான். அவங்க ஒரு வரி பாட, சுத்தி நிக்கிற பொம்பளைங்க திருப்பிப் பாடுவாங்க. அந்தப் பாட்டுகள் எந்தப் புத்தகத்துலயும் இல்லை. இந்த வருஷம் பொங்கலுக்கு, ரெண்டு பாட்டுக்கு அப்புறம் அடுத்த வரி யாருக்கும் ஞாபகம் வரலை. கடைசியில அப்பாவை பாக்ஸ்ல சினிமாப் பாட்டு போடச் சொல்லிட்டாங்க.

என் போன்ல தேடினேன். அப்பத்தா குரல்ல இருக்கிறது ரெண்டே ரெண்டு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ். ஒண்ணு 17 விநாடி. 'யய்யா, சாப்பிட்டியா? மழை பேஞ்சிருக்குய்யா இங்க'ன்னு பேசுறாங்க. அவ்வளவுதான். பாட்டு ஒண்ணுகூட இல்லை. வீடு பூரா மைக், ஆம்ப்ளிஃபயர். ஆனா, அப்பத்தா முன்னாடி ஒரு நாளும் நாங்க மைக்கை நீட்டலை.

சில விநாடிப் பேச்சை வெச்சே குரலை நகல் எடுக்கிற கருவிகள் இப்போ வந்துடுச்சு. நாளைக்கு அந்த 17 விநாடியை வெச்சு அப்பத்தா குரலைச் செஞ்சுடலாம். ஆனா, அந்தக் குரல் என்ன பாட்டைப் பாடும்? வரி போயிடுச்சு. எங்க இழுப்பாங்க, எங்க கைதட்டல் விழும்ங்கிறது போயிடுச்சு. யாரோ பாடிக் கொடுத்தாதான் போர்த்த முடியும். அந்த 'யாரோ' எங்ககிட்ட இல்லை.

அப்பாகிட்ட இதைச் சொன்னேன். ஒண்ணும் பேசலை. மறுநாள் காலையில, 'எங்க சின்னாத்தாவுக்குப் பாதிப் பாட்டு தெரியும். நீ ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு எட்டு போய்ட்டு வருவமா?'ன்னார்.

போனோம். நாலு பாட்டு கிடைச்சுது.

நீங்களும் பண்ணலாம்... போன் போதும்!

* சத்தத்தை நிறுத்துங்க: ஃபேன், டி.வி, மோட்டார் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. போனை ஃப்ளைட் மோடுல போடுங்க. நடுவுல கால் வந்தா ரெக்கார்டிங் கெட்டுப்போகும்.
* தள்ளி வைங்க: வாய்க்கு ஒட்டிப் பிடிக்காம, ரெண்டு சாண் தள்ளி ஒரு துணி மேல வைங்க. கூச்சமும் குறையும்.
* அனுமதி கேளுங்க: 'பதிவு பண்றேன் ஆத்தா'ன்னு சொல்லிட்டு ஆரம்பிங்க. எந்தப் பாட்டை வெளியில போடலாம், எதைப் போடக்கூடாதுன்னும் கேட்டுக்கோங்க. ஒப்பாரி பாட மாட்டேன்னா விட்டுடுங்க.
* பேச விடுங்க: பாட்டை மட்டும் கேட்காதீங்க. யார்கிட்ட கத்துக்கிட்டாங்க, எப்போ பாடுவாங்கன்னும் கேளுங்க. பாட்டு பாதியில மறந்தா, பேசப் பேசத்தான் ஞாபகம் வரும்.
* ரெண்டு இடத்துல வைங்க: வாட்ஸ்அப்ல அனுப்பினா ஃபைல் சுருங்கி, தெளிவு குறையலாம். ஒரிஜினல் ஃபைலை மெயில் டிரைவ்ல ஒண்ணு, பென் டிரைவ்ல ஒண்ணுன்னு வைங்க. பேர், ஊர், தேதி போட்டு சேமிங்க.

சின்னாத்தா பாடின நாலு பாட்டும் இப்போ அப்பா பென் டிரைவ்ல இருக்கு. 'இதர' ஃபோல்டர்ல போடலாமான்னு கேட்டேன். 'வேணாம்யா'ன்னுட்டு, அப்பத்தா பேர்லயே ஒரு ஃபோல்டர் போட்டார். வர்ற முளைப்பாரிக்கு, வரி மறந்து யாராச்சும் நின்னாங்கன்னா எடுத்துக் கொடுக்க அது தயாரா இருக்கு.