சுழலும் சுருதி – 7: நடுத்தர விலையில் எதை விட்டு எதைப் பிடிப்பது?

டர்ன்டேபிளுக்கு வேலை இரண்டுதான். இசைத்தட்டைச் சீரான வேகத்தில் சுற்ற வேண்டும். ஊசியைத் தட்டின் பள்ளத்தில் தடுமாறாமல் தாங்க வேண்டும். விலைக்கு வரம்பு இல்லாத கருவிகளில் இரண்டையும் குறைவறச் செய்துவிடலாம். ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாயை ஒட்டிய நடுத்தர வகையில் அது முடியாது. மோட்டாருக்குக் கூட்டினால் ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மில் குறைக்க வேண்டும். அடிப்பலகைக்குக் கூட்டினால் பேரிங்கில் குறைக்க வேண்டும். ரேகா பிளானர் 3-ம் டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200-ம் வேறுபடுவது இந்தக் கணக்கில்தான்.

எந்தக் கணக்கு சரி என்பதை முடிவு செய்வது இசையும் வீடும். காவிரிப் படுகையின் இசையை, குறிப்பாகத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வழி வந்த நாகஸ்வரத்தைத் தட்டில் கேட்பவருக்கு அந்தக் கணக்கு சற்றே மாறும்.

சுருதியும் வேகமும்

வேகத்தில் ஏற்படும் சிறு அலைவைக் கமகம் மறைத்துவிடும், கார்வை மறைக்காது. நாகஸ்வரத்தில் ஒரு ஸ்வரம் நீண்டு நிற்கும்போது, பின்னால் ஒத்து இடைவிடாமல் ஒலிக்கும்போது, தட்டின் வேகம் ஏறி இறங்குவது சுருதி ஏறி இறங்குவதாகவே காதில் விழும். வீணைத் தட்டில் தம்புராவின் நாதமும் அப்படியே காட்டிக்கொடுக்கும்.

நம் இசையிலக்கணத்தில் மிக நுண்ணிய இடைவெளியான பிரமாண சுருதியின் விகிதம் 81/80, அதாவது 1.25 சதவீதம். 1979-ல் வந்த எஸ்.எல்.1200 எம்.கே.2-வின் வேக அலைவு 0.025 சதவீதம் என்பது நிறுவனம் தந்த அளவு. மோட்டார் பெல்ட் வழியே சுழற்றும் நல்ல கருவிகளில் இது 0.1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இரண்டுமே பிரமாண சுருதிக்கு வெகு கீழே. ஆனால் தட்டின் நடுத்துளை ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் ஓடும் பள்ளத்தில் ஒரு சதவீத அலைவு வந்துவிடுகிறது. 33⅓ சுற்றுத் தட்டு ஒருமுறை சுழல 1.8 விநாடி ஆவதால், ஸ்வரம் அந்தத் தாளத்தில் ஏறி இறங்கும். இதை எந்த மோட்டாராலும் சரிசெய்ய முடியாது. 0.1-ஐ 0.025 ஆக்கக் கொடுக்கும் கூடுதல் பணத்தை இதை நினைவில் வைத்தே எடைபோட வேண்டும்.

மூன்று வகை இயக்கம்

கேரார்டு 301 (1954) போன்ற பழைய கருவிகளில் மோட்டாரின் சுழற்சியை ஒரு ரப்பர் சக்கரம் இசைத்தட்டைத் தாங்கும் சுழல்தட்டுக்குக் கடத்தியது. இழுவிசை அதிகம்; மோட்டாரின் அதிர்வும் சக்கரத்தின் வழியே ஊசிக்கு வந்து அடித்தொண்டை உறுமலாகக் கேட்டது. 1961-ல் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏ.ஆர். டர்ன்டேபிள் பெல்ட்டைப் பயன்படுத்தி அந்த உறுமலைக் குறைத்தது. பெல்ட் மலிவானது; ஆனால் வெப்பத்தில் நாளடைவில் தளரும், தட்டு வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். 1970-ல் டெக்னிக்ஸ் எஸ்.பி.10, மோட்டாரின் அச்சையே தட்டின் அச்சாக்கியது. வேகம் உடனே பிடிக்கும், பிடித்தது நிலைக்கும். அதற்கு விலை மின்னணுச் சுற்று. அதிக எண்ணிக்கையில் செய்யும் ஆலைக்குத்தான் அதை நடுத்தர விலையில் தர முடியும். ரேகா போன்ற சிறிய நிறுவனங்கள் பெல்ட்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை டோன்ஆர்மில் போடுவது இதனால்தான்.

மின்சாரம்

பம்புசெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும்போது வோல்டேஜ் இறங்குவது டெல்டா கிராமங்களுக்குப் பழகிய விஷயம். பெல்ட் கருவிகளில் பெரும்பாலும் உள்ள ஒத்தியங்கு மோட்டாரின் வேகத்தை அது பாதிக்காது. அந்த மோட்டார் மின்னோட்டத்தின் அலைவெண்ணையே பின்பற்றும். 1990-களில் தென்னிந்திய மின்தொகுப்பின் அலைவெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து 48 வரை இறங்கியதுண்டு. அது 4 சதவீதம். அரைக்கட்டையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். தட்டோடு சேர்ந்து வாசிக்க உட்கார்ந்த மாணவரின் வாத்தியம் சுருதி சேராமல் போக இதுவே போதும். தெற்கு மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31-ல் நாட்டின் பொதுத் தொகுப்போடு இணைந்துவிட்டது. இன்றைய விதி 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரைதான் அனுமதிக்கிறது. முன்பு அவசியமாக இருந்த தனி அலைவெண் பெட்டி இப்போது வசதி மட்டுமே.

டோன்ஆர்ம்

பதிவின்போது வெட்டும் ஊசி நேர்கோட்டில் நகர்கிறது. டோன்ஆர்ம் வில்லாக நகர்கிறது. எனவே பள்ளத்துக்கும் ஊசிக்கும் இடையே கோணப்பிழை தவிர்க்க முடியாதது. ஆர்மை முன்பக்கம் வளைத்து அமைத்தால் தட்டில் இரண்டு இடங்களில் பிழை பூஜ்யமாகும். மற்ற இடங்களில் இரண்டு, மூன்று டிகிரிக்குள் நிற்கும். அந்த வளைவே ஊசியை உள்நோக்கி இழுக்கிறது; அதைச் சமன்செய்ய ஓர் எதிர்விசை தேவை. 9 அங்குல ஆர்முக்குப் பதில் 12 அங்குலம் வைத்தால் பிழை ஏறக்குறைய கால் பங்கு குறையும். ஆனால் ஆர்ம் கனத்துவிடும், அடிப்பலகையும் பெரிதாகும். அதனால் நடுத்தர விலையில் 9 அங்குலமே நிலைத்தது.

கனம் ஏன் முக்கியம்? ஆர்மின் நிறையும் ஊசித்தண்டின் நெகிழ்வும் சேர்ந்து ஓர் அலைவெண்ணில் ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால், வெயிலில் வளைந்த தட்டின் மேடுபள்ளம் ஆர்மையே ஆட்டிவிடும். மேலே போனால் தவிலின் கீழ்நாதத்தை நெருங்கும். ஆர்ம், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ், திருகு எல்லாம் சேர்ந்து 18 கிராம், நெகிழ்வு 10 என்றால் கணக்கு 12 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். அதே ஆர்மில் நெகிழ்வு 25 உள்ள கார்ட்ரிட்ஜை மாட்டினால் 7.5-க்கு இறங்கிவிடும். விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜ் எல்லா ஆர்முக்கும் ஏற்றதல்ல என்பது இதனால்தான்.

1983-ல் வந்த ரேகா ஆர்.பி.300, ஆர்ம் குழாயையும் தலைப்பகுதியையும் ஒரே வார்ப்பாகச் செய்தது. இணைப்பு இல்லாததால் உறுதி கூடியது. தலையைக் கழற்றி மாற்றும் வசதி போனது. டெக்னிக்ஸ் ஆர்ம் கழற்றி மாட்டும் ஹெட்ஷெல்லை வைத்துக்கொண்டது. எல்.பி. மட்டும் கேட்பவருக்கு ரேகாவின் தேர்வு சரி. பழைய 78 சுற்றுத் தட்டுகளும் வைத்திருப்பவரின் நிலை வேறு. எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான் என்றால், 78-க்கு 65 மைக்ரானை ஒட்டி வேண்டும். ராஜரத்தினம் பிள்ளை காலத்துத் தட்டுகளில் பெரும்பகுதி 78 என்பதால், தஞ்சை வட்டாரச் சேகரிப்பாளருக்கு மாற்றும் ஹெட்ஷெல்லும் 78 வேகமும் உறுதியைவிடப் பயன்படும். பிளானர் 3-ல் 78 இல்லை, இன்றைய எஸ்.எல்.1200 மாடல்களில் உண்டு.

அடிப்பலகையும் தரையும்

ஏ.ஆர்., தோரன்ஸ், லின் ஆகியவை சுழல்தட்டையும் ஆர்மையும் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டன. மரத்தளத்தில் நடக்கும்போது ஊசி குதிக்கும் மேலைநாட்டு வீடுகளுக்கு அது தேவை. டெல்டாவின் தரைமட்ட வீடுகளில் தளம் சிமென்ட், செங்கல், கல். நடை அதிர்வு மிகக் குறைவு. ஸ்பிரிங்குக்குப் போகும் பணத்தை இங்கே பேரிங்குக்குத் திருப்பலாம். ஸ்பீக்கர் இருக்கும் மேசையிலேயே டர்ன்டேபிளை வைக்காமல், சுவரில் பதித்த பலகையில் வைத்தால் மீதி அதிர்வும் குறையும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அழுத்தப் பலகைகள் ஊறும் என்பதால், ஓரம் மூடப்படாத அடிப்பலகையைத் தவிர்ப்பது நல்லது. தூசிக்கு மூடி கட்டாயம்.

ஆக, இந்தப் பகுதியில் நடுத்தர விலைக் கருவி வாங்குபவரின் வரிசை இது: முதலில் நிலையான வேகம், அடுத்து உரசல் குறைந்த ஆர்ம் பேரிங், பிறகு கார்ட்ரிட்ஜுக்குப் பொருந்தும் ஆர்மின் கனம், 78 தட்டுகள் இருந்தால் மாற்றும் ஹெட்ஷெல். ஸ்பிரிங், நீண்ட ஆர்ம், பளபளக்கும் கனத்த சுழல்தட்டு ஆகியவை பணம் மிஞ்சினால் பார்க்க வேண்டியவை.