சித்திரகவியும் எழுத்தின் இயல்பும்

பாட்டென்பது செவிக்கு விருந்து என்பது உலக வழக்கு. ஆயினும், எழுத்துக்களைச் சதுரத்திலும் சக்கரத்திலும் பாம்பின் பின்னலிலும் தேரின் தட்டுக்களிலும் அடைத்துக் கண்ணுக்கும் விருந்தாக்கும் ஒரு முறை நம் மொழியில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அதனைச் சித்திரகவி என்ப. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவிகளை நால்வகைப்படுத்திய முன்னோர் இதற்கும் ஓரிடம் அளித்தனர். ஆனால் கற்றோருட் பலர் இதனை மதிப்பதில்லை. பொருள் வளமற்ற எழுத்துக் கூத்து என்றும், கவித்துவம் வறண்ட காலத்தில் எழுந்த வீண் உழைப்பு என்றும் கூறி ஒதுக்கிவிடுகின்றனர். இதற்கு வழங்கும் மிறைக்கவி என்னும் மற்றொரு பெயரும் அவர்களுக்குச் சான்றாகின்றது. மிறை என்பதற்கு வருத்தம் என்பது பொருளன்றோ?

இக்குற்றச்சாட்டு எத்துணை உண்மை என்பதைப் பழைய சித்திரகவிகளைப் படித்த அளவிலே துணிதல் சாலாது. அவற்றைக் கட்டும் முறையை அறிந்து, சிறிதாயினும் ஒன்றைக் கட்டிப் பார்த்தபின் துணிதலே முறை. அவ்வாறு கட்டுவார்க்கு எதிர்ப்படும் தடைகள் யாவை, அத்தடைகள் நமக்கு எதனைக் கற்பிக்கின்றன என்பவற்றை இங்கே சுருக்கமாக ஆராய்வாம்.

இக்கலையின் வரலாற்றை முதற்கண் சிறிது நோக்குவாம். 7ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் சீகாழிப் பதியின்மேல் மாலைமாற்றுப் பதிகம் ஒன்றும், எழுகூற்றிருக்கை ஒன்றும் பாடியுள்ளார். திருமங்கையாழ்வார் திருக்குடந்தைப் பெருமான்மீது எழுகூற்றிருக்கை அருளினார். வடமொழியில் பாரவியும் மாகனும் தம் காவியங்களில் ஒவ்வொரு சருக்கத்தை இத்தகைய சுலோகங்களுக்கென்றே அமைத்தனர். தண்டியலங்காரம் தன் சொல்லணியியலில் கோமூத்திரி முதல் அக்கரச்சுதகம் ஈறாக 12 வகைகளை எண்ணுகின்றது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய பரிதிமாற் கலைஞரும் (1870–1903) சித்திரக்கவி விளக்கம் என ஒரு நூல் இயற்றினார். ஆங்கிலக் கல்வி நிரம்பிய ஓர் ஆசிரியர் இதனைப் பொருட்படுத்தியமை கருதத்தக்கது.

பிற நாட்டாரும் இவ்விளையாட்டை அறியாதாரல்லர். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த பாம்ப்பி நகரின் இடிபாடுகளில், ஐந்தைந்து எழுத்தாலாகிய ஐந்து இலத்தீன் சொற்களைக் கொண்டதும், நான்கு திசையினின்றும் படிக்கத்தக்கதுமாகிய ஒரு சதுரம் கண்டெடுக்கப்பட்டது. 1913ஆம் ஆண்டு திசம்பர் 21ஆம் நாள் நியூயார்க் வேர்ல்டு என்னும் செய்தித்தாளில் ஆர்தர் வின் என்பார் வெளியிட்ட முதற் குறுக்கெழுத்துப் புதிரும் வைர வடிவிலேயே அமைந்திருந்தது. எந்நாட்டினும் இக்கலையின் அடிப்படை ஒன்றே: இரண்டு தொடர்கள் வெட்டும் இடத்தில் நிற்கும் ஓரெழுத்து இரண்டிற்கும் பணி செய்தல் வேண்டும்.

அடிப்படை ஒன்றாயினும் தமிழிற் கட்டுவார்க்கு வரும் தடை வேறு. ஆங்கிலத்தில் எழுத்துக்கள் 26. அவற்றுள் உயிரொலியும் மெய்யொலியும் தனித்தனி அறைகளில் அமரும். தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துக்கள் உள. மெய்யும் உயிரும் கூடிய ஓரெழுத்து ஓர் அறையில் அடங்கிவிடுதலின், சிறிய கட்டத்திலும் மிகுந்த ஒலியை அடைக்கலாம். இது நமக்கு வாய்ந்த நலம். ஆனால் 247 எழுத்துக்களுள் ஒன்றே இரு சொற்களுக்கும் பொருந்துதல் அரிது. இது நமக்கு நேர்ந்த இடர்.

இடர் இதனோடு நில்லாது. நன்னூலின் எழுத்ததிகாரத்தில் நாம் படிக்கும் மூன்று விதிகள் இங்கே காவலர்போல் வந்து நிற்கின்றன. மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது என்பதும், ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டும் உயிரேறி நின்றும் தமிழ் மொழிக்கு முதலாகா என்பதும் முதல் விதி. வல்லின மெய்கள் மொழிக்கு ஈறாகா என்பது இரண்டாவது. எந்த மெய்யின் பின்னர் எந்த மெய் வரலாம் என்னும் மெய்ம்மயக்க வரையறை மூன்றாவது.

இவற்றின் ஆட்சியை மாலைமாற்றில் தெளிவாகக் காணலாம். முன்னின்று படிப்பினும் பின்னின்று படிப்பினும் ஒன்றாகவே வருவது மாலைமாற்று. தேடாதே, வினவி, மேளதாளமே என்பன சொல்லளவில் அவ்வாறு அமைந்தவை. இனி, கம்பு என்னும் சொல்லைத் திருப்பிப் படிப்போமாயின் பு, ம், க என வரும். மகரமெய்யின் பின்னர்க் ககரம் மயங்காதாகலின் அது தமிழோசையாகாது. தந்த என்பதையோ கற்க என்பதையோ திருப்பினால் யாதொரு பழுதும் இல்லை. புள்ளியெழுத்தின் இருபுறமும் ஒரே எழுத்து நிற்பதனால் எப்பக்கத்திலிருந்து வரினும் மயக்கம் கெடாது. ஆகவே மாலைமாற்றுக் கட்டுவோன் புள்ளியெழுத்தைக் கண்டவிடத்தெல்லாம் அதன் இருமருங்கும் நோக்கியே அடி வைத்தல் வேண்டும். பெரும்பாலான மாலைமாற்றுக்களில் மெய்யெழுத்து அருகி வருவதன் காரணம் இதுவே.

இனி, ஒன்பது அறைகளையுடைய ஒரு சிறு சதுரத்தைக் கட்டுவாம். இடமிருந்து வலமாகப் படிக்கும் மூன்று சொற்களே மேலிருந்து கீழாகப் படிப்பினும் வருதல் வேண்டும். முதல் வரிசையின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு நிரலின் முதலெழுத்தாகும் என்பதை மறத்தலாகாது. ஆதலின் மரம், கடல், நிலவு போன்ற எளிய சொற்கள் ஒன்றேனும் முதல் வரிசைக்கு உதவா; மரம் என்பதில் ரகரமும் மகரமெய்யும், கடல் என்பதில் டகரமும் லகரமெய்யும், நிலவு என்பதில் லகரமும் மொழிக்கு முதலாகா. கவிதை என்னும் சொல்லோ மூன்றெழுத்தும் முதலாகத்தக்க சொல். அதனை வைப்பின், இரண்டாம் சொல் வி என்பதனாலும் மூன்றாம் சொல் தை என்பதனாலும் தொடங்குதல் வேண்டும். அன்றியும் இரண்டாம் சொல்லின் ஈறே மூன்றாம் சொல்லின் நடுவெழுத்தாதல் வேண்டும். தேடின் இவ்வாறு அமையும்:

க — வி — தை
வி — டி — ய
தை — ய — ல்

கவிதை, விடிய, தையல் என்னும் மூன்றும் குறுக்கேயும் நெடுக்கேயும் வருகின்றன. லகரமெய் எங்கே நிற்கின்றது என்பதை நோக்குக. வலப்புறத்துக் கீழ்மூலையில், இரண்டு சொற்கள் ஒருங்கே முடியும் ஒரே அறையில் அது நிற்கின்றது. கடல் என்னும் சொல்லை முதல் வரிசைக்கு உதவாததாக்கிய அதே லகரமெய், இவ்வறையில் ஒரு தடையும் இன்றி அமர்ந்துவிட்டது.

நான்கு திசையினின்றும் படிக்கத்தக்க சதுரம் வேண்டுமாயின் நெருக்கடி மிகும். முதற் சொல்லைத் திருப்பினாலும் ஒரு சொல்லாதல் வேண்டும். நடுச் சொல் தானே மாலைமாற்றாதல் வேண்டும். அதற்கும் ஓர் உதாரணம் காண்க:

பா — நீ — தா
நீ — வா — நீ
தா — நீ — பா

பாட்டினை நீ தருவாய். நீ வருவாய், நீ. தருவாய் நீ பாட்டினை என்பது பொருள். எம்மூலையிலிருந்து தொடங்கி எப்பக்கம் படிப்பினும் பொருள் கெடவில்லை. இதனை இயல்வித்தது யாது? ஓரெழுத்தொருமொழியே. நன்னூலார் நம் மொழியில் அத்தகைய சொற்கள் 42 என எண்ணினார். ஓரெழுத்தே ஒரு சொல்லாய் நிற்குமிடத்து, முன்பின் மாற்றத்தால் சொல் சிதைவதில்லை. சொற்களின் வரிசையே மாறுகின்றது. தமிழில் வேற்றுமையும் வினையும் இடம்மாறி நிற்பினும் பொருள் விளங்குமாதலின், அவ்வரிசை மாற்றம் கேடாவதில்லை. எனவே, சூத்திரத்தில் வெறும் எண்ணாக நாம் கற்ற 42 என்பது, மாலைமாற்றுப் புலவன் கையில் ஒரு கருவிப்பெட்டியாகின்றது.

இவ்வடிப்படையை அறிந்தபின் முன்னோர் வகுத்த பெரிய வடிவங்களை எளிதில் உணரலாம். சுழிகுளம் என்பது அடிக்கு எட்டெழுத்தாக நான்கடியில் 32 எழுத்துக்களால் ஆவது. வரிசையாகப் படிப்பதோடு, முதல் நிரலில் இறங்கிக் கடைசி நிரலில் ஏறி, பின்பு இரண்டாம் நிரலில் இறங்கி அதற்கு எதிர் நிரலில் ஏறி, நீர்ச்சுழி உள்வாங்குமாறு படிப்பினும் அதே செய்யுள் வருதல் வேண்டும். கணக்கிட்டுப் பார்ப்பின், இதில் மூலைக்கோட்டில் அமையும் 8 அறைகள் மட்டுமே துணையின்றித் தனித்து நிற்பன. எஞ்சிய 24 அறைகளும் இவ்விரண்டாக இணைந்து 12 இணைகளாகும். ஓரிணையின் ஈரறையிலும் ஒரே எழுத்து வருதல் வேண்டும். ஆகவே புலவன் தன் விருப்பப்படி தேர்ந்துகொள்ளத்தக்கவை 20 இடங்களே. ஏனைய 12 இடங்களை வடிவமே நிரப்பிவிடுகின்றது.

இதனால் விளையும் ஒரு பயனை இங்கே எடுத்துக்கூறல் தகும். பனையோலை ஏடுகளைச் செல்லரிப்பதும், எழுதுவோர் கைபிழைப்பதும் நாம் அறிந்தனவே. ஏனைய செய்யுளில் ஓரெழுத்து அழிந்துபோயின் உரையாசிரியனும் பதிப்பாசிரியனும் ஊகத்தையே நம்புதல் வேண்டும். சுழிகுளத்திலோ 32 எழுத்துக்களுள் 24இல் எதுவொன்று அழியினும் அதன் இணை மற்றோரறையில் இருந்து சான்று கூறும். சருப்பதோபத்திரம் இதனினும் மிக்க காவலுடையது. அதில் நான்கடியும் தனித்தனி மாலைமாற்றாய், 64 அறைகளில் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் எழுதப்பட்டு, எத்திசையினும் படிக்கப்படும். அதன் 64 அறைகளையும் நிரப்புவன புலவன் தேரும் பத்தே எழுத்துக்கள். அவற்றுள் நான்கு நந்நான்கு முறையும், ஆறு எவ்வெட்டு முறையும் வரும். ஒன்றிரண்டு அழிந்தால் அச்செய்யுள் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்.

ஏனைய வடிவங்களைச் சுருங்கக் கூறுவாம். கோமூத்திரி என்பது நடந்து செல்லும் பசுவின் நீர்த்தாரைபோல வளைந்து வளைந்து செல்வது. மனமது, கனவது என்னும் இரண்டையும் மேலும் கீழுமாக எழுதி, மேல் ஓரெழுத்தும் கீழ் ஓரெழுத்துமாக மாறி மாறிப் படித்துப் பார்க்க; மேலே தொடங்கின் மனமது என்றும், கீழே தொடங்கின் கனவது என்றும் மீண்டும் வருதல் காணலாம். இரண்டாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் பொதுவாயிருத்தலே இதன் மறை. நாகபந்தத்தில் பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடலில் வெண்பாக்களை எழுதுவர். உடல்கள் வெட்டுமிடந்தோறும் ஓரெழுத்து இரண்டிற்கும் பொது. சக்கரத்தில் அடிகள் ஆர்களின் வழியே குறட்டைக் கடந்து செல்லும். ஆதலின் அவ்வடிகள் அனைத்திற்கும் நடுவெழுத்து ஒன்றேயாதல் வேண்டும். எழுகூற்றிருக்கையில் எழுத்துக்கு ஈடாக எண்ணே வடிவைத் தாங்குகின்றது: ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என ஏழளவும் ஏறி இறங்கித் தேர்த்தட்டுப்போல் விரியும். எழுத்தைக் கட்டாது எண்ணை மட்டும் கட்டுதலின் இதில் பொருளுக்கு இடம் மிகுதி. பெருங்கவிகள் இதனை விரும்பியதன் காரணமும் அதுவாகலாம்.

இனி, தொடக்கத்திற் கூறிய குற்றச்சாட்டுக்கு வருவாம். அது முற்றிலும் பொய்யன்று. 32 எழுத்தில் 20 தன் வசமிருக்கும் சுழிகுளத்தில் புலவன் ஒரு கருத்தை ஒருவாறு நடத்திச் செல்லலாம். பத்து மட்டுமே தன் வசமிருக்கும் சருப்பதோபத்திரத்தில் கருத்து அவனை விட்டு எழுத்தின் பின்னே சென்றுவிடுகின்றது. உரையின்றிப் பொருள் காண்டல் அரிதாகின்றது. கட்டு இறுக இறுகக் கவிதை மூச்சடைக்கின்றது என்பதை ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும். படத்தை மறைத்துவிட்டுச் செய்யுளை மட்டும் ஒருவர் கேட்கப் படித்தால் அது நெஞ்சில் நிற்குமா என்பதே தக்க உரைகல். அவ்வுரைகல்லில் தேறுவன சிலவே.

ஆயினும் கவிதையென்னும் அளவுகோல் ஒன்றினால் மட்டும் இவற்றை அளந்து வீண் என்று தள்ளுதல் பொருந்தாது. ஒரு மொழியின் எழுத்துக்கள் எங்கெங்கே நிற்கும், எங்கெங்கே நில்லா, எவற்றோடு கூடும், எவற்றோடு கூடா என்பவற்றை இத்துணைத் தெளிவாகச் சோதித்துக் காட்டும் கருவி வேறில்லை. நண்பர்கள் ஒரு தாளில் ஒன்பது அறை வரைந்து, மூன்று சொற்களை அதில் இணைக்க முயல்வாராக. மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்னும் சூத்திரங்கள் அவர்கள் இடும் ஒவ்வோர் எழுத்தையும் தடுத்தும் விடுத்தும் நடத்தக் காண்பர். தேர்வின்பொருட்டு மனப்பாடம் செய்த இலக்கணம், முயன்றறிந்த அறிவாக மாறும் இடம் அதுவே. அவ்வொரு பயனுக்காகவேனும் சித்திரகவி நம் பாடத்தினின்றும் நம் நினைவினின்றும் நீங்காதிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.