"ஒரு சாம்பிள் மட்டும் போட்டுக் காட்டுங்க தம்பி!"

என் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தால் கை நிறைய முருங்கைக்காயும், வாய் நிறைய என் மச்சினன் புகழும் கொண்டு வருவார். 2024 தீபாவளிக்கு மறுவாரம் வந்தபோது முருங்கைக்காய் இருந்த பையே புகழாக இருந்தது. மாம்பழ மஞ்சளில் பளபளவென்று ஒரு பை. அதில் ஒரு மயில். மயிலின் மூக்கில் ஒரு லட்டு!

"என் புள்ள வரைஞ்சது மாப்பிள்ளை! தி.நகர் பூரா இந்தப் பையோடதான் அலையுது" என்றார்.

பின்னாலேயே வந்த மச்சினன் முகத்தைப் பார்த்தேன். லட்டு தொண்டையில் சிக்கிய மயில் மாதிரி இருந்தது.

"எவ்வளவு குடுத்தாங்க?"

"ஒரு கிலோ."

"என்னது?"

"மிக்ஸட் ஸ்வீட் மாமா. பணம் பொங்கலுக்கு அப்புறம்னு சொல்லியிருக்கார்."

மச்சினன் தனியாக உட்கார்ந்து டிசைன் செய்கிறவன். லோகோ, பெட்டி, பை, புத்தக அட்டை, எது கேட்டாலும் போடுவான். பணம் கேட்க மட்டும் வராது. அடியேன் பத்திரிகைகளில் கிறுக்குகிறவன் என்றாலும் ஆதியில் பி.காம். 'வருவதைப் பற்று வை, போவதை வரவு வை' என்று மூன்று வருஷம் உருப்போட்டவன். எனவே ஆடிட் செய்ய உட்கார்ந்தேன். அவன் வாட்ஸ்அப்பை மேலிருந்து கீழ் வரை படித்தேன். சரியான துப்பறியும் நாவல். கொலை செய்யப்பட்டது யார் என்பது மட்டும் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

முதல் நாள்: "ஒரு சாம்பிள் மட்டும் போட்டுக் காட்டுங்க தம்பி. பிடிச்சா வருஷா வருஷம் நீங்கதான்."

நாலாம் நாள்: "சூப்பர் தம்பி! மயிலைக் கொஞ்சம் குண்டாக்குங்க."

எட்டாம் நாள்: "மயில் ரொம்ப குண்டா இருக்குன்னு வீட்ல சொல்றாங்க."

இப்படிப் பதினேழு திருத்தம். நடுவில் மச்சினன் பயந்து பயந்து, "சார், மொத்தம் 30,000 ஆகும்" என்று எழுதியிருக்கிறான். பதிலுக்கு ஒரு கட்டைவிரல். அக்டோபர் 5-ம் தேதி ஓப்பன் ஃபைலையே அனுப்பிவிட்டான். அதற்கப்புறம் கட்டைவிரல்கூட இல்லை.

பொங்கல் வந்தது, போனது. "ஜிபே லிமிட் முடிஞ்சு போச்சு", "அக்கவுன்டன்ட் ஊருக்குப் போயிருக்கான்", "கடைப் பக்கம் வாங்க, பேசிக்கலாம்." போனால் முதலாளி மாடியில் பூஜையில் இருப்பார். பிப்ரவரியில் ஒருநாள் என் மனைவி சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஏங்க, தம்பி பொண்டாட்டி கழுத்துல செயின் இல்லை. கம்ப்யூட்டர் தவணைக்கு அடகு வெச்சுட்டாங்களாம். அம்மாவுக்குத் தெரியாது. இதை விட்டுட்டு ஏதாவது ஆபீஸ்ல சேர்ந்துடறேன்னு சொல்றான்."

அன்றைக்குத்தான் எனக்குள் இருந்த பி.காம். எழுந்து உட்கார்ந்தான்.

சட்டம் நம்ம பக்கம்!

"கோர்ட், வக்கீல்லாம் வேணாம் மாமா" என்றான் மச்சினன். கோர்ட் வரை போகவே வேண்டாம். 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து லேத் பட்டறைக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டு மூலையில் ஒரு கம்ப்யூட்டரோடு டிசைன் தொழில் செய்கிறவரும் 'உத்யம்' பதிவு செய்துகொண்டால் குறுந்தொழில்தான். இணையத்தில் ஆதாரை வைத்துச் செய்யலாம், கட்டணம் கிடையாது.

இந்தச் சட்டப்படி, வேலையை ஏற்றுக்கொண்டவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தரவேண்டும். எந்தத் தேதி போட்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையா? 15 நாள்தான். "டிசைன் சரியில்லை" என்று ஆறு மாதம் கழித்துக் கதை விடவும் முடியாது. வேலை கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம்.

தாமதித்தால் வட்டி. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. 2025 மார்ச்சில் அந்த விகிதம் 6.5 சதவீதம். மூன்றால் பெருக்கினால் 19.5. சேட்டு கடையே தேவலை!

அப்படியும் தராவிட்டால் மாநில அரசின் வசதி மன்றத்தில் புகார் செய்யலாம். கடைக்காரர் டெல்லியில் இருந்தாலும் நம் ஊருக்கான மன்றமே விசாரிக்கலாம். தீர்ப்பை எதிர்த்து அவர் கோர்ட்டுக்குப் போவதானால் முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போகவேண்டும்.

நல்ல வேளையாக, மச்சினன் 2022-லேயே பேங்க் லோனுக்காக உத்யம் பதிவு செய்திருந்தான். லோன் கிடைக்கவில்லை, பதிவு கிடைத்தது. வேலையை ஆரம்பிக்குமுன் பதிவு இருப்பதுதான் பத்திரம். பணம் மாட்டிக்கொண்ட பிறகு பதிவு செய்தால் வழக்கில் வம்பு வரும்.

பதிவு எண்ணைப் போட்டு முறையாக ஒரு பில். கூடவே ஒரு கடிதம். அசல் 30,000, வட்டி இரண்டாயிரத்துச் சொச்சம். கடைசியில் இரண்டு விஷயம் சேர்த்தேன். ஒன்று, பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஆளாக இல்லாமல் வெளியில் இருந்து வரைகிறவர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்காதவரை உரிமை பொதுவாக அவருக்குத்தான். எழுதிக் கொடுத்ததே இல்லை என்பதால், அந்த மயில் இன்னமும் மச்சினனின் மயில். இரண்டாவதுதான் அணுகுண்டு. 2023-24 கணக்காண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராமல் வருஷக் கடைசியிலும் பாக்கி வைத்த தொகையை, அந்த வருஷச் செலவாக வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. பணம் கொடுக்கும் வருஷத்தில்தான் கழிக்கலாம்.

மார்ச் 10-ம் தேதி ஸ்பீட் போஸ்ட்டில் போட்டோம். முதலாளி படித்தாரோ இல்லையோ, அவருடைய ஆடிட்டர் படித்துவிட்டார். மார்ச் 20-ம் தேதி போன். "என்ன தம்பி, நமக்குள்ள எதுக்கு லெட்டரெல்லாம்?" 28-ம் தேதி 30,000 வந்து விழுந்தது. வட்டியை மச்சினன் தள்ளிவிட்டான். எனக்கு அதில் இன்னமும் வருத்தம்தான். செயின் அன்று சாயங்காலமே கழுத்துக்கு வந்தது.

வருமுன் காப்போம்

அடகுக் கடை வரை போகாமலிருக்க, மச்சினன் மேஜைக்கு எதிரே நான் ஒட்டி வைத்திருப்பது இது:

* சாம்பிள் கேட்டால் பழைய வேலைகளைக் காட்டு. புதிதாக வேண்டுமென்றால் அதற்கு ஒரு கட்டணம். ஓட்டலில் மசால் தோசையை சாம்பிள் பார்த்துவிட்டு யாரும் காசு கொடுப்பதில்லை.

* பாதி பணம் கைக்கு வந்த பிறகுதான் மௌஸைத் தொடு. முன்பணம் தர யோசிக்கிறவர் பின்பணம் தருவார் என்று நம்ப எந்த நியாயமும் இல்லை.

* ஸ்டாம்ப் பேப்பர் தேடி அலையாதே. வேலை என்ன, தொகை எவ்வளவு, எத்தனை திருத்தம், எந்தத் தேதி, நடுவில் நின்றால் எவ்வளவு என்று ஐந்து வரி அனுப்பி, "சம்மதம்" என்று பதில் வாங்கு. கட்டைவிரலை நம்பாதே.

* மூன்று திருத்தம் இலவசம். நாலாவதிலிருந்து மீட்டர் ஓடும். மீட்டர் ஓடினால் மயில் தானாகவே ஒல்லியாகிவிடும்.

* பார்வைக்கு அனுப்புவது சின்ன சைஸில், குறுக்கே பெயர் போட்டு. ஓப்பன் ஃபைல், மீதிப் பணம் வந்த பிறகு.

* பாக்கி இருந்தால் உறங்காதே. வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருஷம்தான் கெடு.

"இதெல்லாம் பெரிய ஆளுங்களுக்குத்தான் மாமா செல்லும்" என்றான். அவனுக்கு ஒரு கதை சொன்னேன். 1971-ல் அமெரிக்காவில் கரோலின் டேவிட்சன் என்ற கல்லூரி மாணவி, தன் கல்லூரியில் கணக்குப் பதிவியல் நடத்திய பில் நைட்டுக்காக ஒரு லோகோ வரைந்தார். கூலி 35 டாலர். அதுதான் நைக்கி ஷூவின் 'டிக்' அடையாளம். 1983-ல் அந்தக் கம்பெனி அவரைக் கூப்பிட்டுத் தங்க மோதிரமும் பங்குகளும் கொடுத்தது. கவனியுங்கள்: கொஞ்சமோ நஞ்சமோ, அந்தக் கணக்கு வாத்தியார் மாணவிக்கு முதலில் கூலியைக் கொடுத்துவிட்டார். ஒரு கிலோ மிக்ஸட் ஸ்வீட் கொடுக்கவில்லை!

இதற்கிடையில் விஷயம் மாமியார் காதுக்குப் போயிருந்தது. மார்ச்சில் வந்தபோது மயில் பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பிடித்திருந்தார். "காசு குடுக்காதவனுக்கு நான் எதுக்கு மாப்பிள்ளை ஓசியில விளம்பரம் பண்ணணும்?"

பணம் வந்ததும் மயில் மறுபடி வெளியே வந்தது. கூடவே ஒரு கோரிக்கையும். "எதிர் வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம்டா. பத்திரிகை ஒண்ணு போட்டுக் குடு. அவங்ககிட்ட போய் காசு கேக்காதே."

மச்சினன் என்னைப் பார்த்தான். பட்டியலில் கடைசி வரி அதற்குத்தான் இருக்கிறது: ஓசியில் செய்தாலும் பில் போடு. அழைப்பிதழ் டிசைன் 6,000 ரூபாய், அன்புத் தள்ளுபடி 6,000 ரூபாய், நிகரத் தொகை பூஜ்யம். டிசைனோடு அதையும் எதிர் வீட்டில் கொடுத்தான்.

மறுநாள் எதிர் வீட்டம்மா தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு கவர். "இவ்வளவு ஆகும்னு தெரியாம போச்சுங்க, தப்பா எடுத்துக்காதீங்க."

கவரில் 1,001 ரூபாய். மாமியார் அந்தப் பில்லை இன்னமும் பர்ஸில் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட.