கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் கம்பியைப் பார்த்தது யார்?

2014 ஜூன் 28 அன்று, சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் குடியிருப்பு சரிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

'அது அடுக்குமாடி, நாம கட்டுறது 800 சதுர அடி வீடுதானே' என்று தோன்றலாம். ஆனால் சின்ன வீட்டுக்கும் ஒரு கேள்வி உண்டு. வேலை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? நம் ஊரில் பிளான் போடுவது, கட்டுவது, 'எல்லாம் ஓகே சார்' என்று சொல்வது எல்லாமே பல நேரம் ஒரே ஆள்தான். அவர் நல்லவராகவே இருக்கட்டும். தன் வேலைக்குத் தானே மார்க் போட்டுக்கொள்வதாகத்தான் அது முடியும்.

கான்ட்ராக்டருக்குச் சம்பந்தம் இல்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை நீங்களே அமர்த்தலாம். அவர் தினமும் வர வேண்டியதில்லை. அஸ்திவாரம், காலம், பீம், ரூஃப் என ஒவ்வொரு கட்டத்திலும் கம்பி கட்டி முடித்த பிறகு, கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பு வந்தால் போதும். முக்கியம் அந்த இடைவெளிதான். கொட்டிவிட்டால் உள்ளே இருப்பது மூடிப்போகும். பிறகு கருவிகளை வைத்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

வந்தவர் டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு கம்பிகளின் எண்ணிக்கை, தடிமன், ரிங்குகளின் இடைவெளி எல்லாவற்றையும் டேப் பிடித்துப் பார்ப்பார். பிறகு கவர் பிளாக். பொதுவாக ரூஃப் கம்பிக்கு அடியில் குறைந்தது 20 மி.மீ., காலம் கம்பியைச் சுற்றி 40 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும். கவர் பிளாக் விலை ஒன்றும் பெரிதல்ல. அதை வைக்காமல் விட்டால் கம்பி பலகையில் படிந்துவிடும், நாளடைவில் துருப்பிடிக்கும். பல வீடுகளில் சீலிங் பெயர்ந்து கம்பி பல்லிளிப்பது இப்படித்தான்.

கலவை கெட்டியாக இருக்கிறதென்று ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் விடுவது இன்னொரு வியாதி. வேலை சுலபமாகும், பலம் குறையும். அதைக் கண்டுபிடிக்கத்தான் கியூப் டெஸ்ட். 15 செ.மீ. அச்சுகளில் கலவையை நிரப்பி, 28 நாள் கழித்து லேபில் நசுக்கிப் பார்ப்பார்கள். ஒரு சாம்பிளுக்கு மூன்று கியூப். ரூஃபுக்குப் போகிற அதே கலவையை உங்கள் கண் முன்னால் எடுக்க வேண்டும். கியூபுக்கென்று சிமென்ட்டைத் தூக்கலாகப் போட்டுத் தனியாகக் கலந்தால், ரிப்போர்ட் பிரமாதமாகத்தான் வரும்!

ஃபிளாட் வாங்குபவர்கள் கியூப் ரிப்போர்ட்டையும் வெளி இன்ஜினீயரின் சோதனை அறிக்கையையும் பில்டரிடம் கேளுங்கள். ரெரா சட்டப்படி, சாவி வாங்கிய 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்து நீங்கள் புகார் சொன்னால், 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டியது பில்டரின் பொறுப்பு.

சொந்தமாகக் கட்டுபவர்கள், 'இன்ஜினீயர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் கான்கிரீட் கொட்டக் கூடாது' என்ற ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ரூஃப் போடுவதற்கு முந்தின நாள், கம்பி மேல் டேப்பை நீட்டி வைத்து போனில் நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.