கேஸ் போடும் முன் காயிலைப் பாருங்கள்

ஃப்ரீசரில் பனி இறுகிக் கிடக்கிறது. கீழ்த்தட்டில் வைத்த பால் விடிவதற்குள் திரிந்துபோகிறது. ஃபிரிட்ஜை ஒரு நாள் முழுக்க அணைத்துக் கதவைத் திறந்து வைத்தால் சரியாகிவிடுகிறது. பத்துப் பதினைந்து நாளில் மறுபடியும் அதே தொல்லை. திருச்சி தில்லைநகர் அடுக்குமாடியிலும் ஸ்ரீரங்கம் உத்திர வீதியின் பழைய வீட்டிலும் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார் இது. அதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்.

"கூலிங் இல்லையா மாமி? கேஸ் போயிருக்கும்."

"போன மாசம்தானேப்பா கேஸ் அடிச்சே?"

"எங்கயோ லீக் இருக்கு மாமி. இந்தத் தடவை காயிலையே மாத்திரலாம்."

இந்த இடத்தில்தான் பணம் வீணாகத் தொடங்குகிறது. ஃபிரிட்ஜின் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது. ஓட்டை விழாமல் அது தானாகக் குறையாது. வருடத்துக்கொரு முறை நிரப்ப வேண்டிய பொருளும் அல்ல. கேஸ் இல்லாமல்தான் குளிரவில்லை என்றால், ஒரு நாள் அணைத்து வைத்ததற்காக அது திரும்ப வந்துவிடாது. அணைத்து வைத்தால் சரியாகிறது, பிறகு கெடுகிறது என்பதே டீஃப்ராஸ்ட், அதாவது பனி உருக்கும் ஏற்பாட்டின், பழுதுக்கு முதல் அடையாளம்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் பனியே பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். பிடிக்கும், கண்ணில் படாத இடத்தில். ஃப்ரீசரின் பின்சுவர் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் குளிரூட்டும் குழாய்ச் சுருளான காயில் இருக்கிறது. அங்கே குளிர்ந்த காற்றை ஒரு சிறு ஃபேன் மேலும் கீழும் தள்ளுகிறது. பெரும்பாலான மாடல்களில் கீழ் அறைக்குத் தனிக் காயில் கிடையாது. மேலிருந்து வரும் காற்றுதான் அதற்குக் குளிர். காற்றிலுள்ள ஈரம் காயிலில் பனியாகப் படியும். கம்பிரஸர் பல மணி நேரம் ஓடியதும் டைமர் அதை நிறுத்தி, காயிலை ஒட்டியுள்ள ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்கும். பனி உருகி, வடிகால் குழாயில் இறங்கி, பின்னால் உள்ள தட்டில் விழுந்து ஆவியாகிவிடும். காயில் போதுமான அளவு சூடானதும் பைமெட்டல் என்ற சுவிட்ச் ஹீட்டரை அணைக்கும். அது கைவிட்டால் கடைசிக் காவலாகத் தெர்மல் ஃப்யூஸ் அறுந்து கரண்டை நிறுத்தும். புதிய மாடல்களில் டைமர், பைமெட்டல் வேலையைப் போர்டும் சென்சாரும் செய்கின்றன. இந்த வரிசையில் ஒன்று கெட்டாலும் பனி உருகாமல் சேர்ந்துகொண்டே போய்க் காற்றுவழியை அடைத்துவிடும். கம்பிரஸர் ஓயாமல் ஓடும், மின்கட்டணம் ஏறும், கீழே மட்டும் குளிர் இருக்காது.

ஆகவே மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: மூடியைக் கழற்றிக் காயிலைக் காட்டுங்கள். பனியை உருக்கும் முன்பே காட்டச் சொல்லுங்கள், செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். காயில் முழுக்க ஒரே சீராக வெண்பனி அப்பியிருந்தால் கேஸும் கம்பிரஸரும் வேலை செய்கின்றன, உருக்கும் ஏற்பாடுதான் செய்யவில்லை. ஒரு முனையில் ஓரிரு வரிசைக் குழாயில் மட்டும் பனி பிடித்து மற்ற இடம் வெறுமையாக இருந்தால்தான் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். அடியில் மட்டும் தெளிந்த பனிக்கட்டி உறைந்து, காய்கறித் தட்டில் தண்ணீர் தேங்கினால் வடிகால் அடைப்பு. வெந்நீர் ஊற்றித் திறந்தாலே போதும். கதவை ஒட்டிப் பனி சேர்ந்தால் ரப்பர் கேஸ்கட்டைப் பாருங்கள். கதவிடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்தால், தடையில்லாமல் வரக் கூடாது.

சீரான பனி என்றால், மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது. 150 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 350 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்திருக்கிறது. பைமெட்டலைக் குளிர்ந்த நிலையில்தான் சோதிக்க வேண்டும். வெளியே எடுத்து வைத்து, திருச்சி வெயிலில் சோதித்தால் நல்ல பைமெட்டலும் திறந்தே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் 'போச்சு' என்பது சோதனையே அல்ல. ஃப்யூஸ் மட்டும் அறுந்திருந்தால் அது ஏன் அறுந்தது என்று கேளுங்கள். பைமெட்டல் ஒட்டிக்கொண்டதால் ஹீட்டர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டு ஃப்யூஸை மட்டும் மாற்றினால் மறுபடி அறுந்து, பனி திரும்பவும் சேரும். பழுது மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைவிட மோசமானது 'டைரக்ட்' கொடுப்பது. ஃப்யூஸையோ பைமெட்டலையோ வெட்டி, இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். அன்றைக்கு ஃபிரிட்ஜ் ஓடும். ஆனால் ஹீட்டரை அணைக்க வேண்டிய காவல் போய்விட்டது. பிளாஸ்டிக் சுவருக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே ஒரு சூடான கம்பி. இன்று விற்கும் பெரும்பாலான வீட்டு ஃபிரிட்ஜ்களில் உள்ள ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், எரியும் வாயு. அளவு பெரும்பாலும் 100 கிராமுக்குள்தான். ஆனாலும் கசிந்து மூடிய அறையில் தேங்கி ஒரு பொறி பட்டால் ஆபத்து. சமையல் கேஸில் உள்ள வாசனை இதில் சேர்ப்பதில்லை, கசிவது தெரியாது. பனியைக் கத்தியாலும் ஸ்குரூ டிரைவராலும் குத்தக் கூடாது என்பதும் இதனால்தான். எந்த கேஸ் என்று கம்பிரஸர் பக்கத்து ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் வேறு கேஸை நிரப்ப வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.

2022 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் ஊரப்பாக்கத்தில், நெடுநாள் பூட்டியிருந்த வீட்டுக்குத் திரும்பிய குடும்பத்தில் மூவர், ஃபிரிட்ஜ் வெடித்துக் கிளம்பிய புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அது டீஃப்ராஸ்ட் பழுதால் நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. படுக்கையறைக்குப் பக்கத்தில் இரவு பகலாக ஓடும் மின்சாதனத்தில் பாதுகாப்புப் பாகத்தை வெட்டி எறிய யாரையும் அனுமதிக்கக் கூடாது என்று சொல்கிறேன்.

சத்தமில்லாத ஆபத்து ஒன்றும் உண்டு. சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீட்டில் திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். டீஃப்ராஸ்ட் கெட்ட ஃபிரிட்ஜின் கீழ் அறை 15 டிகிரிக்கு மேல் போனாலும் கையால் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும். இன்சுலின் வீரியம் இழந்தால் அது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். பயந்து ஃப்ரீசரில் வைத்தால் உறைந்து அதுவும் பயனற்றுப்போகும். ஒரு சாதாரண தெர்மாமீட்டரை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். 5 டிகிரியை ஒட்டி இருந்தால் உணவுக்கும் மருந்துக்கும் நல்லது. பழுது தீரும்வரை இன்சுலினைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் கொடுத்து வைப்பதில் கூச்சம் வேண்டாம்.

சர்வீஸ் ஆட்கள் சிலர் 'உங்க உபயோகம்தான் காரணம்' என்று முடித்துவிடுவார்கள். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு. ஐப்பசி மழையில் காற்றே ஈரம். சாத்தார வீதியில் வாங்கிய பூவை ஈரத்துணியில் சுற்றி வைப்போம், மூடாத பாத்திரத்தில் மாவு வைப்போம். இந்த ஈரமெல்லாம் காயிலுக்குத்தான் போகும். மூடி வைப்பது நல்லதுதான். ஆனால் அன்றாடம் சேரும் ஈரத்தை உருக்கி வெளியேற்றத்தான் டீஃப்ராஸ்ட் ஏற்பாடே இருக்கிறது. வெயிலுக்கும் அப்படியே. ஃபிரிட்ஜ் ஸ்டிக்கரில் காலநிலை வகை 'டி' என்றிருந்தால் 43 டிகிரி சூழலிலும் வேலை செய்வதாக அர்த்தம், 'எஸ்டி' என்றால் 38 வரை. அக்னி நட்சத்திரத்தில் 40-ஐத் தாண்டும் ஊருக்கு எதை விற்றார்கள் என்று பாருங்கள்.

இனி உரிமைக்கு வருவோம். '10 வருட வாரண்டி' என்று கடையில் சொல்வது பெரும்பாலும் கம்பிரஸருக்கு மட்டும். ஹீட்டர், பைமெட்டல், போர்டு எல்லாம் வழக்கமாக முதல் ஒரு வருடத்தோடு முடிந்துவிடும். ஆகவே முதல் வருடத்தில் ஒரு தடவை பனி அடைத்தாலும், வீட்டிலேயே உருக்கிச் சமாளிக்காமல் புகார் எண்ணோடு பதிவு செய்யுங்கள். வந்தவர் தரும் ஜாப் ஷீட்டில் 'செக் செய்யப்பட்டது' என்று மட்டும் எழுத விடாதீர்கள். என்ன பழுது, எந்தப் பாகம், சோதனையில் என்ன காட்டியது என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒரே பழுது நான்கு ஜாப் ஷீட்டில் தேதியோடு இருந்தால், நீங்கள் வேறு வாதமே செய்ய வேண்டியதில்லை.

வாரண்டி முடிந்தவர்களும் கையைப் பிசைய வேண்டாம். காசு கொடுத்துச் செய்த ரிப்பேர் நிற்காவிட்டால் அது சேவைக் குறைபாடு. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கும் தெருமுனை மெக்கானிக்குக்கும் அது பொருந்தும். அதற்கு ரசீது வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். பல புகார்கள் அங்கேயே தீர்கின்றன. தீராவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். 'அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம்' என்பதை நம்பி அந்தக் கெடுவைக் கடத்திவிடாதீர்கள். கடை, தயாரிப்பாளர், சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். ஃபிரிட்ஜைப் பழச்சாறுக் கடையில் வைத்திருப்பவர்கள், சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துகிறோம் என்பதை மனுவிலேயே சொல்ல வேண்டும். வணிக நோக்கம் என்றால் சட்டம் பொருந்தாது.

குறையை நீக்கவும், புதிய பொருள் தரவும், பணத்தைத் திருப்பவும், நஷ்டஈடு கொடுக்கவும் ஆணையம் உத்தரவிடலாம். புதிய ஃபிரிட்ஜே வேண்டும் என்றால் உற்பத்திக் குறையைக் காட்ட வேண்டும். மாருதி கார் வழக்கு ஒன்றில் 2006-ல் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாரண்டி சொல்கிறது என்றால் முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது. எதிர்த்தரப்பு இதைச் சொல்லும். அப்போது தொழில்நுட்ப ஆய்வு தேவைப்படலாம். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரே முதலில் கட்ட நேரலாம். ஆய்வு இல்லாத வழக்கை 3 மாதத்திலும், உள்ளதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடப்பில் கூடுதலாகும். உத்தரவை மதிக்காதவருக்கு 1 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

வழக்கு முடியும்வரை அந்த ஃபிரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள், காயலான் கடைக்கும் போடாதீர்கள். வாரண்டி இருக்கும்போது வெளி மெக்கானிக்கைத் திறக்கவும் விடாதீர்கள். ஆய்வுக்கு வருபவர் கேட்கப்போவது அந்தக் காயிலையும், நீங்கள் எடுத்து வைத்த பழைய ஹீட்டரையும்தான்.