பாட்டி முகம் ஏன் கறுத்தது? வெளிச்சத்தைப் புரிந்துகொண்டு படம் பிடிப்போம்

படிவம் நான்கு மாணவி ஒருத்தி, இடுபணிக்காகத் தன் பாட்டியைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்தாள். பாட்டி திரிங்காப் பக்கம் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். பத்துப் படம். பத்திலும் பின்னால் மூடுபனி வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. பாட்டியின் முகம் மட்டும் கரிக்கட்டை. "பாட்டி கறுப்பு டீச்சர், அதான் படம் விழல. அழிச்சிடட்டா?" என்றாள்.

அழிக்காதேம்மா என்றேன். குறை பாட்டியின் நிறத்தில் இல்லை, வெளிச்சம் வந்த திசையில்தான். சட்டத்துக்குள் பெரும்பகுதி வெளுப்பாக இருந்தால், வெளிச்சம் கூடிப்போச்சு என்று கேமரா கணக்குப் போட்டு, மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். பாட்டியைத் திருப்பி, முகத்தில் வெளிச்சம் விழும்படி நிறுத்தினால் போதும். திருப்ப முடியாவிட்டால் திரையில் முகத்தை விரலால் தொடுங்கள். பல கைப்பேசிகளில் சூரியன் போன்ற குறி வரும். அதை மேலே தள்ளினால் முகம் தெளியும். பின்னணி வெளுத்துப்போகும். போகட்டும், நமக்குப் பாட்டிதானே முக்கியம்!

நிறத்தைக் குறைசொல்லும் பழக்கம் கருவிகளுக்கும் இருந்தது. ஃபிலிம் காலத்தில் வண்ணப் படம் கழுவும் கூடங்கள், தோல்நிறம் சரிபார்க்க 'ஷேர்லி அட்டை' என்ற ஒன்றை வைத்திருந்தன. பல பத்தாண்டுகள் அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் மட்டுமே.

சரி, வெளிச்சத்தின் வகைக்கு வருவோம். நிழலின் ஓரத்தைப் பாருங்கள். கத்தியால் வெட்டியதுபோல இருந்தால் அது கடும் வெளிச்சம். கரைந்து மங்கினால் மென் வெளிச்சம். சூரியன் எவ்வளவோ பெரியது, ஆனால் தூரத்தில் இருப்பதால் நமக்குச் சின்னப் புள்ளி. சின்ன விளக்கு கடுமையான நிழல் தரும். மூடுபனி அந்த ஒளியைச் சிதறடிக்கும்போது வானம் முழுவதுமே ஒரு பெரிய விளக்காகிவிடுகிறது. திரிங்காப் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. முகம் எடுக்க அதைவிட நல்ல இடம் வேண்டாம், தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

'நண்பகல் 12 மணிக்கு எடுக்காதே' என்று எல்லாரும் சொல்வார்கள். நம் ஊருக்கு அது பொருந்தாது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1-இல் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 1.15 மணிக்கு. காலை 11.30 முதல் 3 மணி வரை முகம் எடுத்தால் கண்குழியில் நிழல் தேங்கும். மாலை மஞ்சள் வெயில் அழகுதான். ஆனால் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அது சீக்கிரம் முடிந்துவிடும். மலைக்குப் பின்னால் மறைந்தால் இன்னும் சீக்கிரம்.

வெளிச்சத்துக்கு நிறமும் உண்டு, அதைக் கெல்வினில் அளக்கிறார்கள். மெழுகுவத்தி சுமார் 1,900, பழைய குண்டு பல்பு 2,800, உச்சிவெயில் 5,500, நிழலான இடம் 7,000-க்கும் மேல். எண் ஏற ஏற நீலம் கூடும். பல மாணவர்கள் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஒன்று. வருணனைக் கட்டுரையில் எல்லாவற்றுக்கும் 'ஒளி' என்றே எழுதாதீர்கள். இளவெயில், உச்சிவெயில், மஞ்சள் வெயில், அந்தி வெளிச்சம் என்று நம்மிடம் சொல் இருக்கிறது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்து, முகத்தில் எதைத் தொட்டது என்று எழுதினால் படிப்பவருக்குக் காட்சி விளங்கும்.

அந்த மாணவி மறுபடி எடுத்தாள். லயத்து வீட்டு வாசற்படிக்கு ஓரடி உள்ளே பாட்டியை உட்காரவைத்து, குழல்விளக்கை அணைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி. நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, நரைமுடி எல்லாம் தெரிந்தன. நிறம் அதே நிறம்தான். பாட்டி பார்த்துவிட்டு, "இத பெருசா கழுவிக் கொடு, ஹால்ல மாட்டணும்" என்றாராம்.